துருக்கிக் கடையில் கை நனைத்தவள்

என் மாமாவுக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாளாம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டை இழுத்து வைத்துத் தின்றாளாம். அதோடு எல்லாம் கெட்டுப்போனதாம். விசேஷ வீடுகளில் அம்மா இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். அந்த மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கத்தாருக்குப் போனார். அங்கே ஒரு துருக்கிக்காரர் நடத்திய சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனவர், மாவு பிசைந்து, அடுப்புக்கு வந்து, முழுச் சமையலும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். திண்டுக்கல்லில் பழனி ரோட்டில், டயர் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் அவர் துருக்கிக் கடை திறந்தபோது சிரிக்காத சொந்தக்காரர் இல்லை. பிரியாணி ஊரில் ரொட்டி விற்கப் போகிறானாம் என்றார்கள். மொத்தம் ஆறு மேசை. படகு போல ஓரம் மடித்துச் சுட்ட ரொட்டி, அதற்குள் கொத்துக்கறி. எலுமிச்சை பிழிந்து குடிக்கிற சிவப்புப் பருப்பு சூப். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத டீ. வாசலில் ஒரு நீலக் கண்ணாடிக் கண் தொங்கும். நாம் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுகிற மாதிரி அவர்கள் இதைக் கட்டுவார்கள் என்பார் மாமா. காலேஜ் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறவர்களும் வர ஆரம்பித்தார்கள். கடை நன்றாகவே நடந்தது. என் அப்பாவுக்கு மட்டும் அது ஒரு தொழிலாகத் தெரியவே இல்லை.

அந்தப் பெண் திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் கடையைப் பார்க்க வருகிறோம் என்று அவள் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அன்று காலையிலேயே அப்பா கடைக்குப் போய் நீலக் கண்ணைக் கழற்றி டிராயருக்குள் போட்டுவிட்டு ஒரு முருகன் படத்தை மாட்டினார். கல்லாவுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு முருகன் இருந்தார். அவர் சைஸ் போதாதாம்.

“மாப்ள, நீ கல்லாவுல உக்காரு. அடுப்புப் பக்கமே போகாத. சமையக்காரன்னு நெனச்சுருவாக,” என்றார் அப்பா.

“நான் சமையக்காரன்தான மச்சான்?” என்று மாமா கேட்டார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

அப்பா அதோடு விட்டாரா? சம்மதம் சொல்லிவிட்டால் வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று வேறொரு கடையில் பிரியாணிக்குச் சொல்லிவைத்தார். மாமாவின் கடைக்குள் உட்காரவைத்து வெளிச் சாப்பாடு. ஒரு மனிதனை இதற்கு மேல் எப்படி அவமானப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை எங்கள் வீட்டு ஆட்களே அந்தப் பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமாவோ அன்று விடியும் முன்பே எழுந்து மாவு பிசைந்திருந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து வந்த கத்தரிக்காயைத் தீயில் வாட்டித் தோல் உரித்து வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தால் பேச்சு முடியும்வரை அங்கே சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். வீட்டுக்கு அது சரி. சாப்பாட்டுக் கடைக்கு வந்து, மேசையில் உட்கார்ந்து, வைத்த சூப்பைத் தள்ளி வைத்தால் பார்க்கிற குழந்தைக்கு என்ன தோன்றும்? எனக்கு அவர்களைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. வந்தது இரண்டு பேர், பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும். குடிக்கிற தண்ணீரைக்கூட ஊரிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்கள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. பேசி முடிக்காம கை நனைக்கறது வழக்கமில்லீங்க,” என்றார் பெண்ணின் அப்பா. அவர் தன்மையான மனிதர்தான்.

தாய்மாமன் அப்படி இல்லை. வந்ததிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். “ஏனுங்க, இது பாய் கடையாட்ட இருக்குதுங்களே? மாட்டுக்கறியெல்லாம் போடுவாருங்களா?”

“ஐயையோ, நாங்க வருசா வருசம் மாலை போட்டுப் பழனிக்கு நடக்குற குடும்பம்ங்க,” என்று அப்பா எழுந்தே நின்றுவிட்டார். சூப்பில் கிடந்தது பருப்பு. அதைச் சொல்ல எங்கள் பக்கம் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. பாய் கடையாக இருந்தால்தான் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கவும் ஆள் இல்லை.

“மாப்பிள்ளையே மேசை தொடைப்பாருங்களா?” என்று அடுத்து ஆரம்பித்தார் தாய்மாமன்.

“அதுக்கெல்லாம் ஆள் இருக்குங்க,” என்றார் அப்பா. அவருக்குப் பக்கத்து மேசையை மாமா துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் வந்தாள். வேலையிலிருந்து நேராக ஸ்கூட்டியில் வந்திருந்தாள். நீல யூனிஃபார்ம், கையில் ஹெல்மெட். யாரும் அவளை எதிர்பார்க்கவில்லை.

“நீ எதுக்குக் கண்ணு வந்தே?” என்றார் அவள் அப்பா.

“பக்கந்தானுங்கப்பா. நானும் பாக்கறேன்.”

ஆண்கள் மேசைக்குப் போகாமல் மூலையில் நான் இருந்த மேசையில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது. மாமா அவளுக்கும் ஒரு தட்டும் சூப்பும் கொண்டுவந்து வைத்தார். வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தட்டு வைத்து அவருக்குக் கை பழகிப்போயிருந்தது.

“இதை எப்படிச் சாப்புடறது பாப்பா?” என்று என்னிடம் கேட்டாள்.

அவள் ஆட்கள் மேல் இருந்த எரிச்சலில் நான் வெடுக்கென்று சொன்னேன். “எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சுக்கங்க. ரொட்டிய ஓரத்துல பிச்சு முக்கணும்.”

பிழிந்தாள். பிய்த்தாள். முக்கிச் சாப்பிட்டாள். பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, “அப்பா, நல்லா இருக்குதுங்க,” என்றாள்.

தாய்மாமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “எந்திரி புள்ள! என்ன காரியம் பண்றே?”

“சாப்புட்டுட்டு இருக்கறனுங்க மாமா.” சொல்லிவிட்டு இன்னொரு துண்டைப் பிய்த்தாள். கண் அவர் பக்கம் போகவில்லை. அடுக்களைக் கதவருகே நின்ற என் மாமாவைத்தான் பார்த்தாள்.

நெய்க்காரப்பட்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு வழக்கம் தெரியாதா? எங்கள் அம்மா சொல்கிற மாதிரி அவள் பட்டினி கிடந்து வந்தவளா? மாட்டையும் மேசையையும் பற்றி இரண்டு வீட்டு ஆண்களும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அவள் தன் கல்யாணத்துக்குத் தானே சம்மதம் சொல்லிவிட்டாள். அத்தனை பேர் முன்னால் சொன்னாள். இனிப் பேச வேண்டியது ஒரே ஒரு ஆள். அவள் அப்பாகூடக் கத்தவில்லை. அவரும் என் மாமாவின் முகத்தைத்தான் பார்த்தார். மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் சூப்பைக் கையில் எடுத்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“மாப்ள, தட்ட எடுத்துரு. பெரியவங்க சங்கடப்படுறாகள்ல,” என்றார் அப்பா.

“எடுத்துரு தம்பி. எல்லாம் பெறகு பேசிக்கலாம்,” என்றாள் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா.

கத்தாரில் எத்தனையோ முதலாளிகளைப் பார்த்த மனிதர். பிரியாணி ஊரில் ஒற்றை ஆளாகத் துருக்கிக் கடை போட்ட மனிதர். அவர் வந்தார். தாய்மாமனைப் பார்த்து, “மன்னிச்சுக்கங்க,” என்றார். அவளைப் பார்க்கவே இல்லை. பிய்த்த ரொட்டி அவள் விரலில் இருக்கும்போதே தட்டையும் சூப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என்னால் அப்பாவை மன்னிக்க முடியும், அவர் எப்போதும் அப்படித்தான். அந்தத் தாய்மாமனைக்கூட மறந்துவிடலாம். தட்டைத் தூக்கிய அந்தக் கையை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் அன்று எனக்கு மாமா மேல் துளியும் கோபம் வரவில்லை. அவரை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சூப் ஆறிவிட்டால், யார் மேசையாக இருந்தாலும், கேட்காமலே எடுத்துப்போய்ச் சுட வைத்துக் கொண்டுவருவார். அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.

“சூடு பண்ணி எடுத்துட்டு வருவாரு. செத்த நேரம் இருங்கக்கா.”

“வருவாரா?” என்றாள்.

தாய்மாமன் வெளியே போய்க் காரில் ஏறி ஹாரன் அடித்தார். அவள் அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை. ரொட்டித் துண்டைப் பிடித்தபடி அடுக்களைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தமும் தட்டு கழுவும் சத்தமும் கேட்டன.

“இருங்கக்கா,” என்றேன். “வேற நல்ல தட்டுல வச்சு எடுத்துட்டு வாராரு.”