பார்க்காமல் விட்டது முதலில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது கணவர்தான். போன வாரமே அவர் முறை. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நழுவிவிட்டார். அந்த வீட்டில் அதற்கு ஒரு சட்டம் உண்டு: போன வாரம் விட்டுப்போன வேலைதான் இந்த வாரம் முதல் வேலை. டீகூட அதற்கப்புறம்தான்.

"இந்தச் சட்டத்த உன் ஆபீஸ்ல போடேன் பாக்கலாம்," என்றார் அவர், பிரஷ்ஷை வாளியில் தட்டியபடி. "உன் வீராப்பெல்லாம் என்கிட்டத்தான். அங்க போனா வாயில கொழுக்கட்டை."

அவளுக்குச் சுருக்கென்றது. மேசைமேல் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை இருந்தது. நீர்க்கடுப்பு, அந்த வருஷத்தில் இரண்டாம் தடவை. "தண்ணி குடிங்கம்மா, அடக்கி வைக்காதீங்க" என்று மருத்துவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் அவள் மாடியில் இருந்த பெண்கள் கழிவறைக்குப் பூட்டு. அவசரமென்றால் மூன்று மாடி இறங்கி, முற்றத்தைக் கடந்து, கிடங்குக்காரர்களின் கழிவறை வாசலில் காத்து நிற்க வேண்டும். அதைவிடத் தண்ணீர் குடிக்காமலிருப்பது மேல் என்று அந்த மாடிப் பெண்கள் எல்லோருமே முடிவுக்கு வந்திருந்தார்கள். குழாயும் குழாய் மூட்டும் விற்கிற நிறுவனம் அது. சிரிக்கவும் முடியவில்லை.

அங்கே அவளுக்குப் பெயர் ஸ்லைடு அக்கா. மாதாந்திரக் கூட்டத்துக்கு ஒவ்வொரு பிரிவும் அனுப்பும் ஸ்லைடுகளை ஒன்றாகக் கோத்து, முதல் பக்கத்தில் நிகழ்ச்சி நிரல் போடுவது அவள் வேலை. முன்பெல்லாம் கையால்தான் செய்தாள். விற்பனைப் பிரிவு கடைசி நிமிஷத்தில் ஒரு பக்கத்தை நுழைக்கும். அதோடு நிரலில் இருக்கும் இணைப்புகள் ஒன்றுக்கொன்று உதைக்கும். சரக்கு நிலவரத்தைச் சொடுக்கினால் சம்பளப் பட்டியல் வந்து நிற்கும். திட்டு அவளுக்கு. ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு மேக்ரோ எழுதக் கற்றாள். மேக்ரோ என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, நாம் திரும்பத் திரும்பச் செய்கிற வேலையைக் கணினிக்கு ஒருமுறை எழுதிக்கொடுத்துவிடுவது. இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தலைப்புகளை எல்லாம் அதுவே பொறுக்கி, முதல் பக்கத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இணைப்புக் கொடுத்துவிடும். கூட்டத்தில் எந்தத் தலைப்பைத் திறந்து பார்த்தார்களோ, அதன் பக்கத்தில் ஒரு டிக் விழும்.

கழிவறைப் பூட்டு நிரலில் இல்லாமலில்லை. மாதா மாதம் கடைசி வரியில் இருந்தது. அதை அங்கே வைப்பவர் மேலாளர், பூட்டின் சாவியும் அவரிடம்தான். அவருக்கு 'அடுத்த மாசம்' என்று பட்டப்பெயர். கூட்டம் கடைசி வரிக்கு வருவதற்குள் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், மேலாளர் "அது சின்ன விஷயம் சார், அடுத்த மாசம்" என்பார், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அந்த வரிக்கு மட்டும் ஒருநாளும் டிக் விழுந்ததில்லை.

திங்கட்கிழமை அவள் தன் மேக்ரோவில் வீட்டுச் சட்டத்தைச் சேர்த்தாள். போன மாதம் டிக் விழாத தலைப்பு இந்த மாதம் முதலில்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மேலாளர் அவள் மேசைக்கு வந்து திரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, கக்கூஸ் உச்சாணிக்கொம்புல ஏறி உக்காந்திருக்கு?"

"போன மாசம் பாக்கல சார். அதான் மேல வந்திருக்கு."

அவர் சுட்டியைப் பிடுங்கி அந்த ஸ்லைடைக் கடைசிக்கு இழுத்துவிட்டார். அவள் பொத்தானை அழுத்தினாள். அது மறுபடி முதலில் வந்து உட்கார்ந்தது. அவர் இழுத்தார். அவள் அழுத்தினாள். பக்கத்து மேசையில் கணக்குப் பிரிவுப் பெண் இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினாள்.

"என்ன, வெளையாடுறியா? அந்தப் பாழாப்போன மேக்ரோவ எடு."

"எடுக்க மாட்டேன் சார்."

"எடுக்க மாட்டியா? வருஷ மதிப்பீடு யாரு எழுதுறாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"நீங்கதான் சார். அடுத்த மாசம்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. கணக்குப் பிரிவுப் பெண்ணின் இருமல் அதிகமானது. மேலாளர் முகம் சிவந்து, ஃபைலைத் தன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் கூட்ட அறையில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்த அவளிடம் அதை நீட்டினார். "இதத்தான் போடணும்." திறந்தாள். மேக்ரோ இல்லாத சாதாரண ஃபைலாகச் சேமித்திருந்தார். பொத்தானைக் காணோம். நிரலில் அந்த வரியே இல்லை. முதல் வரி விற்பனை.

திரை பெரிதாக எரிந்துகொண்டிருந்தது. மாத்திரை வேலை செய்துகொண்டிருந்ததாலோ என்னவோ, அன்றைக்கு அவள் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருந்தாள். ஃபைலை மூடினாள்.

"ஏம்மா மூடுற?" என்றார் முதலாளி.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

தன் ஃபைலைத் திறந்தாள். மேக்ரோவை அனுமதிக்கலாமா என்று கேட்கும் மஞ்சள் பட்டை மேலே வந்தது. எல்லோரும் பார்க்க, அனுமதித்தாள். பொத்தானை அழுத்தினாள். வரிகள் அடுக்கிக்கொண்டு வந்தன. முதல் வரியை அவளே சொடுக்கினாள்.

கதவு, துருப்பிடித்த பூட்டு. அடுத்த படம், மேல் ஜன்னல் வழியாக எடுத்தது: உள்ளே கூரைவரை பழைய விளம்பரத் தாள்களின் அட்டைப்பெட்டிகள்.

"இது என்ன எடம்?" என்றார் முதலாளி.

"லேடீஸ் டாய்லெட் சார்," என்றாள் கணக்குப் பிரிவுப் பெண், யாரும் கேட்காமலே.

"அதுக்குள்ள எதுக்கு பெட்டி?"

"கிடங்குல எடம் இல்ல சார். தற்காலிகமாத்தான்... சின்ன விஷயம், அடுத்த மாசம்—"

"சின்ன விஷயம்னா இன்னிக்கே முடியுமே. பெட்டிய உங்க ரூமுக்கு மாத்துங்க. அடுத்தது?" முதலாளிக்கு விற்பனை எண்கள்தான் முக்கியம், கோபப்படக்கூட நேரமில்லை. ஆனாலும் முதல் வரிக்குப் பக்கத்தில் டிக் விழுந்திருந்தது.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் போனபின், அவள் மேலாளருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் சட்டைப்பையைத் துழாவி, சாவியை மேசைமேல் போட்டார்.

"யாரக் கேட்டு அத முதல்ல வச்ச? சொல்லு. உனக்கு இவ்ளோ தைரியம் யாரு குடுத்தது?"

பெட்டிகள் இன்னும் உள்ளேதான் இருக்கும். குழாயில் தண்ணீர் வருமோ வராதோ. மதிப்பீட்டில் அவர் என்ன எழுதப்போகிறார் என்பதும் தெரிந்த கதைதான். அவள் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தாள்.

"உன்னத்தான் கேக்குறேன்!"

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.