கரையில் இறங்காத தங்கச்சி

பாடம் நடத்துவதற்கு முந்தின நாளே பாடக்குறிப்பை எழுதி முடித்துவிடுவது என் வழக்கம். பிள்ளைகள் அந்தப் பாடத்தில் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்ற பகுதியைக்கூட முன்கூட்டியே நிரப்பிவிடுவேன். பெரும்பாலும் எழுதியபடிதான் நடக்கும். ஏழாம் வகுப்புக்கு நாட்டுப்புறக் கதைகள் நடத்தியபோது மட்டும் அப்படி நடக்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்காவது விளங்குமா என்று பார்க்கிறேன்.

எங்கள் பள்ளி செல்லூரில், தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்துக்குள் இருக்கிறது. இலக்கியம் என்றாலே மனப்பாடச் செய்யுள் என்று நினைத்துப் பயப்படும் பிள்ளைகளுக்கு, பேசும் கிளியும் பூதமும் வரும் கதைகளில் இருந்து தொடங்கினால் பயம் போய்விடும் என்பது என் அனுபவம். முதலில் நான் கதை சொல்வேன். பிறகு அவர்கள் வீட்டில் கேட்ட கதையைக் கொண்டுவர வேண்டும். கடைசியில் அந்தக் கதையின் முடிவை மாற்றி எழுத வேண்டும். கதை என்பது யாரோ ஒருவர் முடிவெடுத்துச் செய்தது, வேறு மாதிரியும் செய்திருக்கலாம் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரியும்.

முன் வரிசையில் ஒரு பெண் இருந்தாள். அவள் அப்பா விசைத்தறியில் வேலை பார்ப்பவர். சொந்த ஊர் மேற்கே. அவள் கொண்டுவந்த கதை இது. ஒரு கண்மாய்க்கரை ஒவ்வொரு மழைக்கும் ஒரே இடத்தில் உடைகிறது. ஒரு பெண்ணை உள்ளே வைத்து மூடினால்தான் கரை நிற்கும் என்று ஊரில் முடிவாகிறது. கரையில் மண் போடும் அண்ணன்மாருக்குத் தங்கச்சி கஞ்சிக் கலயம் கொண்டுவருகிறாள். "உடைப்புக்குள்ள இறங்கிக் குடுத்துட்டுப் போ தாயி" என்று அண்ணன்மார் கூப்பிடுகிறார்கள். அவள் இறங்குகிறாள். மண் விழுகிறது. கரை நிற்கிறது.

முடிவை அவள் இப்படி மாற்றியிருந்தாள். தங்கச்சி கரை மேலேயே நின்றுகொண்டு, "மொதல்ல நீங்க இறங்கி நில்லுங்கண்ணே, எடம் பத்துதான்னு பாப்போம்" என்கிறாள். அண்ணன்மார் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் கதை. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆண்டு விழாவில் இதையே நாடகமாகப் போடலாம், அவளே தங்கச்சியாக நடிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அவள் அப்பாவும், ஊரிலிருந்து வந்த அத்தையும் பள்ளிக்கு வந்தார்கள்.

"டீச்சர், அது கதை இல்ல. எங்க குலசாமி. சிவராத்திரிக்கு அந்தக் கரையிலதான் பொங்க வைக்கிறோம்" என்றார் அப்பா. "சாமிய வச்சு எல்லாரும் சிரிச்சாகளாம்ல?"

"முடிவை மட்டும்தான் மாற்றினோம்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. அவள் இறங்கவில்லை என்றால் கரையில் சாமி ஏது?

"இந்த முடிவு மேடையேறுச்சுன்னா புள்ளைய வேற பள்ளிக்கூடத்துல சேத்துருவேன். அங்க நாடகமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய் நின்றுகொண்டார். அந்தப் பெண் வாசல் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாடகத்துக்காகத் தனக்கென்று ஒரு கலயத்தை அவள் ஏற்கெனவே தேடி வைத்திருந்தாள்.

பழைய முடிவையே போட்டுவிடலாம் என்று தலைமையாசிரியையிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு பிள்ளையை உயிரோடு மூடுறதை ஆண்டு விழாவுல காட்டவா? நல்லா இருக்கு டீச்சர். மாத்துன முடிவுதான் நல்ல முடிவு. இல்லேன்னா நாடகமே வேண்டாம்."

அப்பா சொன்னதும் சரி, தலைமையாசிரியை சொன்னதும் சரி என்றுதான் பட்டது. வழி சொன்னது அத்தைதான்.

"எங்க ஊர்ல கதை படிக்கிறவுக மூடுனாகன்னு சொல்லவே மாட்டாக டீச்சரம்மா. அண்ணன்மார் கூப்பிடுற எடத்துல நிப்பாட்டிருவாக. பொம்பளைக நாங்க கொலவை போட்டு, அந்த எடத்துல வளையல வைப்போம். அம்புட்டுத்தான். அதுக்கு மேல என்னன்னு எல்லாத்துக்கும் தெரியுமே."

அப்படியே வைத்துக்கொண்டோம். அண்ணன்மார் கூப்பிட வேண்டும். தங்கச்சி கலயத்தோடு அசையாமல் நிற்க வேண்டும். அத்தை குலவை போட, திரை விழும். அப்பா ஒத்துக்கொண்டார். தலைமையாசிரியையும் ஒத்துக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. "சரியாம்மா?" என்று நான் கேட்டபோது, "சரிங்க டீச்சர்" என்றாள். அதைக் கேட்டதாகவே அன்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

விழா நாளில் அப்பாவும் அத்தையும் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மடியில் துணிப்பை. உள்ளே கண்ணாடி வளையல். நாடகம் ஒத்திகையில் பார்த்தபடியே போனது. அண்ணன்களாக நின்ற பையன்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இறங்கிக் குடுத்துட்டுப் போ தாயி" என்று கூப்பிட்டார்கள். திரைக் கயிற்றைப் பிடித்திருந்த என்னைப் பார்த்து அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிறாளா, இரு என்கிறாளா, தெரியவில்லை. நான் கயிற்றை இழுக்கவில்லை.

"மொதல்ல நீங்க இறங்கி நில்லுங்கண்ணே" என்றாள். "எடம் பத்துதான்னு பாப்போம்."

வகுப்பில் சொன்னபோது கேட்ட குரல் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. அண்ணன்களாக நின்றவர்கள் வசனம் இல்லாமல் விழித்தார்கள். அப்பா எழுந்து நின்றார். அந்த நேரத்தில் அத்தை குலவை போட்டார், கூடத்தின் கடைசி வரை கேட்கிற மாதிரி. பின்னால் யார் யாரோ சேர்ந்துகொண்டார்கள். அத்தை மேடையேறினார். கீழே வைப்பதற்காகக் கொண்டுவந்த வளையலை அவள் கையில் போட்டுவிட்டார்.

திரைக்குப் பின்னால் அப்பா வேகமாக வந்தார்.

"டீச்சர், அந்தப் பேச்சு நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"சொல்லிக் குடுத்துப் பேசுற பேச்சாடா அது?" என்றார் அத்தை. "இத்தன காலமா வாயத் தொறக்காதவ இன்னைக்குப் பேசிட்டா. எனக்குப் புல்லரிக்குது, நீ கேள்வி கேக்குற."

"அக்கா, நீ சும்மா இரு."

"நீ சும்மா இருடா."

நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றால் அவர் கோபம் என்னோடு போய்விடும். ஆனால் அந்த வசனமும் அவளுடையது இல்லை என்றாகிவிடும். சாமி பேசியது என்று விட்டாலும் அப்படித்தான். அவள் எழுதியது என்றால் அவள் வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவள்தான் எழுதினாள். அவளேதான் சொன்னாள்" என்றேன்.

அப்பா மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்று பேரும் ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். அவள் கையில் கலயம் இருந்தது.

திங்கட்கிழமை அவள் வருவாளா என்று வாசலைப் பார்த்தபடியே வருகைப் பதிவு எடுத்தேன். வந்தாள். வளையல் அப்படியே இருந்தது. வகுப்பு முடிந்ததும் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், சிவராத்திரிக்கு ஊருக்குப் போறோம். கரையில நின்னு இதையே சொல்லணுமாம். அத்தை சொல்றாங்க."

"அப்பா என்ன சொன்னார்?"

"சிரிக்காமச் சொல்லணும்னார். வேற பள்ளிக்கூடம்னு ஒண்ணும் சொல்லல." பிறகு கேட்டாள்: "டீச்சர், அங்க போய்ச் சொன்னா அது நான் எழுதுனதா இருக்குமா, சாமி சொன்னதா ஆயிருமா?"

"நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். வகுப்பில் பதில் தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வி அது. அன்று பதில் தெரியாமல் கேட்டேன்.

"தெரியல டீச்சர். ஆனா அண்ணன்மாரு என்ன பதில் சொன்னாங்கன்னு அத்தை கேட்டாங்க. அத இன்னும் எழுதல" என்றாள்.