இரண்டாவது டின்

நல்லம்மாளை எனக்கு 1983இல் தெரியும். மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் தையல் ஆலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் சட்டைக் காலர் தைத்தோம். குடியிருந்த சிலிபினிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். அதிகம் பேசமாட்டார். யாராவது மயக்கமாக வருகிறது என்றால் மட்டும் எழுந்து போய், கீழிமையை விரலால் இழுத்துப் பார்ப்பார். இதை எங்கே கற்றீர்கள் என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன். ஒரே நாளில் சொல்லி முடிக்கவில்லை. பல நாள் பஸ் பயணத்தில் கேட்டது இது.

லூமுட் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆஸ்பத்திரி உதவியாளாக ஒன்பது வருடம் இருந்தார் நல்லம்மாள். கணவர் அப்பாவு அங்கேயே பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். ஆஸ்பத்திரி என்றால் நான்கு கட்டில், ஒரு மருந்து அலமாரி, டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் ஞானசேகரம். அவர் யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர். கண்டிப்பானவர், வேலையில் குறை வைக்காதவர். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பச்சை நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும் வழக்கம் அவர் காலத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

1976இல் ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. தோட்டத்துப் பெண்களின் இரத்தச் சோகையைப் பற்றி ஆராயப் போவதாகச் சொன்னார்கள். பச்சை மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, இரண்டு பெரிய டின்களைக் கொடுத்தார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி சிவப்பு மாத்திரைகள். எந்தப் பெண்ணுக்கு எந்த டின் என்று இரண்டு பட்டியல்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்களும் ஒரு கட்டு வந்தது. “சத்து மாத்திரைக்குப் பதிவு எண்டு சொல்லிக் கைநாட்டு வாங்கு” என்றார் டிரஸர். நல்லம்மாள் மைப்பெட்டியோடு, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயம் லயமாகப் போனார். முப்பத்தெட்டுப் பெண்களின் கட்டைவிரலையும் அவரே பிடித்து அழுத்தினார். ஒருத்தி கூட என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது.

தினமும் காலையில், பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து ஆட்கள் ரப்பர் காட்டுக்குக் கிளம்புமுன், பெண்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவார்கள். மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். அப்படித்தான் உத்தரவு.

மூன்று மாதம் போனபின் காளியம்மா என்ற பெண் கூச்சத்தோடு ஒதுங்கி நின்றாள். “அக்கா, மாத்திர போட்டதுலேருந்து வெளிக்குக் கறுப்பா போகுதுக்கா. பயமா இருக்கு.”

“இரும்புச் சத்துன்னா அப்படித்தான் போகும். பயப்படாத லா” என்று அனுப்பி வைத்தார். அதன் பிறகுதான் யோசித்தார். மற்றவர்களையும் சாடைமாடையாக விசாரித்தார். முதல் பட்டியல் பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். இரண்டாவது பட்டியலில் ஒருத்திக்கும் அப்படி இல்லை. அன்று மத்தியானம் இரண்டாவது டின்னிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கடித்தார். சிவப்புத் தோலுக்கு உள்ளே வெள்ளை மாவு. இனித்தது.

டிரஸரிடம் போய் நின்றார். அவர் மறைக்கவில்லை.

“பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குச் சும்மா. அப்பதான் வித்தியாசம் தெரியும். இது ஆராய்ச்சி, நல்லம்மா.”

“வித்தியாசம் நமக்குத் தெரியும்தானே ஐயா? வருஷக்கணக்கா நாமதானே குடுக்கிறோம்.”

“எழுதிக் காட்டோணும்.”

“ராக்காயிக்கு எட்டு மாசம் ஐயா. கண்ணுல ரத்தமே இல்ல. அவ ஒருத்தி பேர மட்டும் மாத்தி விடுங்க.”

“அடுத்த மாசம் ஆராய்ச்சி டாக்டர் வருவார், கேட்டுப் பாக்கிறன். அதுவரைக்கும் சொன்னதைச் செய்.”

ராக்காயி பக்கத்து லயத்துப் பெண். தலைப்பிள்ளை. அவள் கணவன் ராமையா நல்லம்மாளைக் கூடப்பிறந்த அக்காவாகவே நினைத்தவன். அலமாரிச் சாவி நல்லம்மாளின் இடுப்பில்தான் இருந்தது. ஆனாலும் அவர் திறக்கவில்லை. வேலை போகும், வேலையோடு வீடும் போகும் என்ற பயம். டிரஸர் படித்தவர், அவருக்குத் தெரியாததா என்றும் ஒரு சமாதானம். பதினொரு நாள் அந்த மாவு மாத்திரையை ராக்காயியின் கையில் வைத்தார். பதினொரு நாளும் அவள் விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் பகலில் வலி கண்டது. குறைமாதப் பிள்ளை, ஆனாலும் அழுதுகொண்டே பிறந்தது. அதன்பின் இரத்தம் நிற்கவில்லை. உடம்பில் தெம்புள்ள பெண் தாங்கியிருப்பாள். தோட்டத்து லாரியில் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பட்டணத்துக்குள் நுழையுமுன்பே, நல்லம்மாளின் மடியில் அவள் தலை சாய்ந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை நல்லம்மாள் அலமாரியைத் திறந்தார். இரண்டாவது பட்டியலில் இருந்த எல்லோருக்கும் பச்சை மாத்திரை. நிறம் வேறாக இருக்கிறதே என்று கேட்டவளிடம், “இதுதான் நெசமான மருந்து” என்றார். கணக்கு ஒத்துப்போவதற்காக, அன்றன்றைக்கு உரிய சிவப்பு மாத்திரைகளைக் கால்வாயில் கொட்டினார். ஐந்து வாரம் இப்படி நடந்தது. டிரஸருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று கேட்டேன். “தெரிஞ்சிருக்கும். அந்த அஞ்சு வாரமும் அவரு அலமாரிப் பக்கமே வரல” என்றார்.

இரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுத்தது. இரண்டாவது பட்டியல் பெண்களுக்கும் இரத்தம் ஏறியிருந்தது. ஆராய்ச்சி டாக்டர் நேரில் வந்து ஆங்கிலத்தில் கத்தினார். டிரஸர் மொழிபெயர்த்தார்.

“இத்தனை மாசத்து வேலையைக் கெடுத்துப் போட்டியாம். எல்லாரும் சம்மதிச்சுக் கைநாட்டு வச்சவையாம். ஏன் செய்தாய் எண்டு கேக்கிறார்.”

“ராக்காயி எந்த லிஸ்ட்டுல இருந்தான்னு அவரக் கேளுங்க ஐயா.”

ஞானசேகரம் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் கேட்டார். டாக்டர் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வேலை அன்றைக்கே போனது. ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். போகுமுன் ராமையாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நல்லம்மாள் முடிவு செய்தார். அப்பாவு தடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ராமையா உட்கார்ந்திருந்தான். சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

“தெரிஞ்சா குடுத்த?”

“மொதல்ல தெரியாது தம்பி. கடசி பதினோரு நாள் தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

சிலிபினுக்கு வந்த பிறகு, தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் மூலம் புகார் எழுதிப் போட்டார் நல்லம்மாள். விசாரணையில், சம்மதத் தாள்களைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டவில்லை என்று ஞானசேகரம் எழுதிக் கொடுத்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சங்கத்துக்காரர் படித்து அர்த்தம் சொன்னார். அந்தத் தோட்டத்தில் ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. அங்கே எடுத்த விவரங்கள் முழுவதும் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டன.

சங்கத்துக்காரர் அதை வெற்றி என்றார். நல்லம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை. “அப்போ ராக்காயி பேரும் அதுல இருக்காதுல்ல?” என்று கேட்டாராம். ஒரு பெண் இதனால் செத்தாள் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. அந்த டாக்டர் அதே ஆராய்ச்சியை வேறு தோட்டத்தில் தொடர்ந்தாரா என்பதும் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டாவது பட்டியலில் மீதி இருந்த பிள்ளைத்தாய்ச்சிகள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தார்கள். அதுவும் உண்மை.

தோட்டம் கைமாறிய பின் ராமையாவும் சிலிபினுக்குத்தான் வந்தான். கோயிலில் நல்லம்மாளை எதிரே பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். நானே ஒருமுறை பார்த்தேன். ராக்காயி பெற்ற பெண் பிள்ளை, ஏழெட்டு வயது, அவன் கையைப் பிடித்து நின்றது. எனக்கு மனது தாங்கவில்லை. பஸ்ஸில், “நீங்க எத்தன பேரக் காப்பாத்தியிருக்கீங்க, அது அவருக்குப் புரியலயே அக்கா” என்றேன்.

நல்லம்மாள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். “அவன ஒண்ணும் சொல்லாத. டாக்டருக்குக் கோவம் போயிருச்சு, சங்கத்துக்குப் போயிருச்சு, தோட்டமே மறந்துருச்சு. ராக்காயிக்காக ஒருத்தனாவது கோவமா இருக்கணும்லா.”

ஆலை நிறுத்தம் வந்தது. இறங்கினோம்.