ஏறாத ஆளுக்குக் கிழித்த டிக்கெட்

அரியலூர் நீதிமன்ற வராந்தாவில் சவரிமுத்து மாமாவின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். "உள்ளதைச் சொல்லிடுங்க மாமா" என்று நான் சொல்லவில்லை. "எங்களுக்காக மாத்திச் சொல்லுங்க" என்றும் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினேன். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வந்தாரா என்று கேட்டேன்.

போன வாரம் பெரம்பலூரில், நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். "கண்டக்டர் மாமா போயிட்டாருடி. டீயக் குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவருதான், எந்திரிக்கல." ஊருக்குப் போகும் பஸ்ஸில் முழுவழியும் அந்த வராந்தாதான் கண்முன் நின்றது.

விக்கிரமங்கலத்தில் அவரை அறியாதவர்கள் குறைவு. வரதராசன்பேட்டையில் பிறந்து, எங்கள் ஊரில் பெண்ணெடுத்து, அங்கேயே தங்கிவிட்டவர். அரியலூர் போகிற தனியார் பஸ்ஸில் முப்பது வருடத்துக்கு மேல் கண்டக்டர். எல்லோருக்கும் அவர் முகம் தெரியும், யாரோடும் பகை கிடையாது. அதனாலேயே ஊரில் எந்தப் பத்திரம் எழுதினாலும் சாட்சிக் கையெழுத்துக்கு அவரைத் தேடுவார்கள். கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை வைப்பதைப் போல அது ஒரு மரியாதை. ஒருமுறை ஓடும் பஸ்ஸிலேயே ஒருவர் விற்பனைப் பத்திரத்தை நீட்டினார். "இருய்யா, இந்தக் குலுக்கல்ல போட்டா சாட்சி ஆட்டங்கண்டுடும். செந்துறை ரோட்டு டீக்கடையில நிக்கட்டும், போடுறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. டீக்கடையில் போட்டும் கொடுத்தார். விற்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று கேட்கவில்லை.

எங்கள் வழக்கு அந்த வழக்கத்தில்தான் பிறந்தது. தாத்தா தன் வீட்டையும் இரண்டு ஏக்கர் புன்செய்க் கொல்லையையும் என் அப்பாவுக்கு உயில் எழுதிவைத்தார். அத்தைக்குக் கல்யாணத்தின்போதே செய்தாகிவிட்டது என்பது அவர் எண்ணம். உயில் பதிவு செய்யப்படவில்லை. தாத்தா படுக்கையில் இருந்தார். அந்த நிலையில் வீட்டில் கூட்டம் கூட்டுவானேன் என்று அப்பா, தாத்தா கையெழுத்துப் போட்ட காகிதத்தை என்னிடம் கொடுத்துச் சவரிமுத்து மாமாவிடம் அனுப்பினார். நான் அப்போது பிளஸ் ஒன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, "தாத்தா கஞ்சி குடிக்கிறாரா பாப்பா?" என்று கேட்டபடியே போட்டார். நான் சைக்கிளில் திரும்பி வந்தேன்.

தாத்தா போன பிறகு அத்தை பாகம் கேட்டு வழக்குப் போட்டாள். வழக்கு நடக்கும்போதே அப்பாவும் போனார். நானும் அம்மாவும் பிரதிவாதிகள் ஆனோம். உயிலின் இன்னொரு சாட்சியும் இறந்துவிட்டதால் மிஞ்சியவர் சவரிமுத்து மாமா ஒருவர்தான். உயில் எழுதியவர் கையெழுத்திட்டதைச் சாட்சி தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். சாட்சியும் அவர் முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். இதை எங்கள் வக்கீல் விளக்கியபோதுதான், என் சைக்கிள் பயணம் என்னவென்று எனக்குப் புரிந்தது. வக்கீலுக்கும் அது தெரியும், ஆனாலும் கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "அவர் தாத்தா பக்கத்துல நின்னுதான் போட்டார். நீயும் அங்க இருந்தே. அவருக்கு அடுத்து நீதான் கூண்டுல ஏறணும்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இருக்கும் ஒரே வீடு அது. நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் பல நாள் படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

வராந்தாவில் காத்திருந்த அன்று, அரை நாள் கழித்து மாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். தாத்தா கையெழுத்திட்டதைப் பார்த்தீர்களா என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"இல்லைங்க."

வக்கீல் கேள்வியை வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார்.

"எப்படிக் கேட்டாலும் அதாங்க. நான் எங்க வூட்ல உக்காந்து போட்டேன். அவரு எழுதுன மனசு உண்மை, அதுக்கு வேணும்னா சத்தியம் பண்றேன். ஆனா பாத்தியான்னு கேக்குறீங்க. பாக்கல. ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிச்சிட்டேங்கய்யா. தப்புதான்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் வக்கீல் விடவில்லை. "காகிதத்தை உங்க வீட்டுக்குக் கொண்டு வந்தது யார்?"

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"கொண்டாந்தவங்களுக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாதுங்க. அவங்கள ஏன் இழுக்குறீங்க? போட்டது என் கை."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் கோபமாகவே இருந்தார். "இன்னும் ஒரு வழி இருக்கு. நீ ஏறி, அந்த ஆள் மறந்துபோய் உளறுறார்னு சொல்லணும். முடியுமா?"

"முடியாது சார்" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் சார். அவ பாகத்தை அவளுக்குக் கொடுத்துடறோம்" என்றாள். அம்மாவின் முகத்தில் நான் எதிர்பார்த்த துக்கம் இல்லை. அப்பா போன பிறகு முதல்முறையாக அவள் பசிக்கிறது என்று சொன்னது அன்றுதான்.

மாமா படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அருகில் போனேன். அவரே பேசினார்.

"என்ன பாப்பா, தோத்த கட்சிதான் டீ வாங்கித் தரணும். சக்கரை இல்லாம சொல்லு. சம்மன் வந்ததுலேர்ந்து தூக்கமில்ல. இன்னிக்குத் தூங்குவேன்."

"நாங்களுந்தான் மாமா" என்றாள் அம்மா.

அதன் பிறகு யார் காகிதம் நீட்டினாலும், "எழுதிக் கொடுக்குற ஆள் எங்க? வரச் சொல்லு" என்று கேட்க ஆரம்பித்தார். "கண்டக்டரு செக்கிங் இன்ஸ்பெக்டராயிட்டாருடா" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். "வயசாயிடுச்சில்ல, பிரமோஷன் குடுத்துட்டாங்க" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். ஊரில் பலருக்கு அது எரிச்சல்தான். அவரை விட்டு வேறு ஆளைத் தேடிப் போனவர்களும் உண்டு. இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அந்த இடத்தில் இருந்திருந்தால் போயிருப்பீர்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நம்புவதையும் பார்த்ததையும் ஒன்றாகக் கலக்காமல் பேசும் பழக்கம். தாத்தாவின் மனசுக்குச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தவர், பார்த்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில் ஒரு மனிதர் மரியாதையோடு நிற்க முடியும் என்பதை அவரிடம்தான் கண்டேன். எனக்கு முன்னால் அவர் ஏறி உள்ளதைச் சொன்னதால் நான் கூண்டில் ஏற வேண்டியிருக்கவில்லை. இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாய்தாவில் இரண்டு தரப்பும் சமரச மனு கொடுத்தோம். வீடும் மீதி ஏக்கரும் எங்களுக்கு, ரோட்டோரக் கொல்லை ஒரு ஏக்கரும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மனையும் அத்தைக்கு என்று முடிந்தது. அத்தை தன் ஏக்கரில் இந்த வருஷம் மக்காச்சோளம் போட்டிருக்கிறாள்.