பட்டு எரியுது

“பட்டு எரியுதுப்பா” என்று என் நான்கு வயது மகள் அழுதபோது, நான் பட்டுத் தறிக்குத்தான் ஓடினேன். தறியில் நீட்டியிருந்த பாவு நூல் முழுக்கத் தடவிப் பார்த்தும் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. மறுநாளும் அதையே சொன்னாள். பொய் சொல்லாதே என்று அதட்டினேன். மூன்றாம் நாள் அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. மனைவி பிரசவத்துக்குக் களம்பூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரணிக்கு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி நர்சம்மா குள்ளமாக, நரைத்த கொண்டையோடு இருந்தார். உடம்பில் எங்கே தொட்டாலும் முதலில் அந்த இடத்தின் பெயரைச் சொல்லி, “தொடட்டுமா பாப்பா?” என்று கேட்பார்.

“எங்க எரியுது?”

“பட்டு.”

“அது எங்க இருக்குது?”

மகள் கவுனுக்கு மேல், அடிவயிற்றுக்குக் கீழே கை வைத்தாள். குளிப்பாட்டும்போது அந்த இடத்துக்கு அம்மா வைத்த செல்லப் பெயராம், அவளே சொன்னாள். எனக்குத் தெரியாது.

“ஒண்ணுக்குப் போற எடத்துல கிருமி. மருந்துல சரியாயிடும்” என்றவர் என்னிடம் திரும்பினார். “கண்ணு, மூக்குன்னு சொல்லிக் குடுத்தீங்க இல்ல? இதுக்கும் பேர் இருக்குது. பிறப்புறுப்பு. சொல்லிக் குடுங்க.”

“பொம்பளப் புள்ள சிஸ்டர். அவ அம்மா வந்து சொல்லுவா.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “எவனாச்சும் தொட்டு, இவ மூணு நாளா சொல்லிகினு இருந்தாலும், நீங்க தறியத்தானே பாத்துகினு இருந்திருப்பீங்க?”

மருந்தை வாங்கிக்கொண்டு மகளைத் தூக்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மகளின் காதில் நர்சம்மா சொன்ன பெயரைச் சொன்னேன். அவள் உரக்கத் திருப்பிச் சொன்னாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அவள் வாயைப் பொத்தவில்லை.