அவர் வரக்கூடாது என்று நான் ஜெபித்த சனிக்கிழமைகள்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, மேனாம்பேட்டிலிருந்து ஷீலா எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் பயத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் மகள் ஜெனி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அப்பா டேவிட்டும் நானும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பிரிந்த புதிதில் ஒருநாள் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பள்ளிக்கூடத்திலிருந்து அவளை அழைத்துக்கொண்டு பூந்தமல்லியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் என் தொண்டையில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. போலீஸ் போய்த்தான் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள்.

அதன் பிறகு நீதிமன்றம் ஒரு ஏற்பாடு செய்தது. மாதத்தில் முதல் சனியும் மூன்றாவது சனியும், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குழந்தைகள் மையத்தில் மட்டும் அவர் ஜெனியைப் பார்க்கலாம். ஆலோசகர் மேடம் கூடவே இருப்பார். நான் பிள்ளையை உள்ளே விட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்கார்வது என்று பேர்தான். அந்த இரண்டு மணி நேரமும் என் கண் வாசல் கேட்டை விட்டு நகராது. அங்கே ஒரு ஆட்டோ நின்றால் போதும், பிள்ளையைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறது என்று அதன் நம்பரைப் பார்த்து வைத்துக்கொள்வேன். அவர் கை கழுவ வெளியே வந்தால்கூட எழுந்து நின்றுவிடுவேன். பார்த்தவர்கள் அவருக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

போன ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை அவர் வரவில்லை. ஒரு தகவலும் இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. வக்கீலிடம் சொன்னேன். "தொடர்ந்து மூணு தடவை வரலைன்னா சொல்லுங்கம்மா, இந்தச் சந்திப்பையே நிறுத்தச் சொல்லி மனு போட்டுடலாம்" என்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரே விண்ணப்பம் வைத்தேன்: அவர் வழியை அடைத்துப்போடும் ஆண்டவரே. நம் சபைச் சகோதரிகளும் என்னோடு கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். அந்த மாத மூன்றாவது சனிக்கிழமையும் அவர் வரவில்லை; அது இரண்டாவது தடவை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் எழுந்து நின்று, தேவன் அவரைத் தடுத்தார் என்று சாட்சி சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். அவருடைய நம்பரை நான் பிளாக் பண்ணி வைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சாட்சி தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை முதல் சனிக்கிழமை வந்தது. இந்த ஒரு தடவை தாண்டினால் போதும் என்று ஜெபித்துக்கொண்டே போனேன். ஜெனிக்கு அந்த வாரம்தான் முன்பல் விழுந்திருந்தது. அதை ஒரு பேப்பரில் மடித்து, அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று கைக்குள்ளேயே வைத்திருந்தாள். மணி பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. அவர் வரவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் மேடம் வெளியே வந்து, "கொஞ்சம் உள்ள வாங்க. பொம்மை எதையும் தொட மாட்டேங்கிறா, கதவையே பாத்துட்டு நிக்கிறா" என்றார்.

நான் போய் ஜெனி பக்கத்தில் மண்டி போட்டேன். அவள் அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அப்பா வரணும்னு நான் தினமும் ஜெபம் பண்றேன். இயேசப்பாவுக்கு கேக்கலையா? நீயும் வெள்ளிக்கிழமை சாப்பிடாம ஜெபம் பண்றியே, நீ என்ன கேட்ட?"

 ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, நானும் என் பிள்ளையும் ஆண்டவரிடம் எதிரெதிராகக் கேட்டிருக்கிறோம். என் ஜெபம் ஜெயிக்கிறது என்று நான் துள்ளிய ஒவ்வொரு முறையும் அவள் தோற்றிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வராந்தாவுக்கு ஓடி வந்து, சுவரில் தலையை வைத்து அழுதேன். "ஆண்டவரே, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவரைக் கொண்டு வாரும்" என்றேன். 

பிறகு பிளாக்கை எடுத்துவிட்டு நானே போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஷீலாவா? வந்துகினுதான் கீறேன். கம்பெனில கால் மேல இரும்பு வுயுந்து மாவுக்கட்டு போட்டு கீது. உனக்கு எத்தினி வாட்டி போன் அடிச்சேன், போவவே இல்ல. இங்க பாடி பாலத்தாண்ட பஸ்ஸு நின்னுகினே கீது. பாப்பா போயிடுச்சா?"

"போகல. இங்கதான் இருக்கா. பஸ்ஸ விட்டுட்டு ஆட்டோ புடிச்சு வாங்க" என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. நான் ஆண்டவரிடம் கேட்பதற்கு முன்பே அவர் புறப்பட்டு வழியில் இருந்திருக்கிறார். இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

பதினொன்று ஐம்பதுக்குக் கேட்டில் ஆட்டோ நின்றது. கட்டையை ஊன்றிக்கொண்டு அவர் இறங்கினார். ஜெனி ஓடிப்போய்ப் பல்லைக் காட்டினாள். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டுக்கு முடிச்சாகணும். நீங்க சம்மதிச்சு எழுதிக் கொடுத்தா ஒரு மணி வரைக்கும் விடலாம்."

எழுதிக் கொடுத்தேன்.  அந்த ஒரு மணி நேரமும் நான் பெஞ்சில் உட்காரவில்லை, கேட்டுப் பக்கமே நின்றேன். மாவுக்கட்டோடு ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று மூளைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. ஒரு மணிக்கு அவரே ஜெனியின் கையைப் பிடித்து அழைத்து வந்து என்னிடம் விட்டார். "அன்னிக்கு இஸ்கூல்ல சொல்லாம இட்டுகினு போனது தப்பு" என்றார். ஒன்றரை வருடத்தில் முதல் தடவை.

நாங்கள் சேர்ந்துவிட்டோமா என்று கேட்காதீர்கள். இல்லை. வழக்கு நடக்கிறது, சந்திப்பும் அதே மையத்தில், அதே மேடம் முன்னால்தான் நடக்கிறது. மனு மட்டும் போடவில்லை. பயம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்ச் சாட்சி ஆகிவிடும். சனிக்கிழமைகளில் இன்றைக்கும் என் கண் அந்தக் கேட்டை விட்டு நகருவதில்லை. ஆனால் இப்போது நானும் ஜெனியும் கைகோத்து, அப்பா பத்திரமாக வரணும் என்று ஒரே ஜெபம் பண்ணிவிட்டுப் புறப்படுகிறோம். ஜெபித்து முடித்ததும் அவள் இட்லி கேட்டுச் சாப்பிடுகிறாள். முன்பெல்லாம் சனிக்கிழமை எதையும் தொட மாட்டாள்.

என்னைப்போல ஒருவருக்கு எதிராக முழங்காலில் நிற்கிறவர்கள் நம் நடுவில் இருந்தால், பயத்தையும் அப்படியே ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, அவர் கொடுப்பதை நம்பி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வேண்டாம் என்று உபவாசம் இருந்து கேட்டதையே கொடுத்து என் பிள்ளையைச் சிரிக்க வைத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.