அவள் கையில் இருந்த பக்கம்

எந்த மென்பொருள் நல்லது என்று என்னிடம் கேட்காமல் இருப்பது கேட்பவருக்கு நல்லது. ஒரு மணி நேரம் பேசுவேன், உருப்படியாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இருந்தும் போன வருடம் அலுவலகத்தில் கேட்டார்கள். வடிவமைப்பவர்களும் நிரல் எழுதுபவர்களும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்று புதிதாக ஒன்றைத் திரையில் காட்டினார்கள். நாலைந்து அம்புக்குறிகள் ஆளுக்கொரு பெயரோடு ஓடிக்கொண்டிருந்தன. நன்றாக இருக்கிறது, வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நாங்கள் இரண்டு பேராக இருந்த காலம் ஒன்று உண்டு. அவள் திண்டிவனம், நான் விழுப்புரம். கல்லூரியில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்து சென்னைக்குப் போகிறோம் என்றதும் இரண்டு வீட்டிலும் கூடாது என்று ஒரே பதில் வந்தது. சரி, இங்கேயே செய்வோம் என்று வலைத்தளம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தோம். அவள் வடிவம், நான் நிரல். அவரவர் வீட்டில் அவரவர் கணினி, நடுவில் ஒரு தொலைபேசி இணைப்பு. பக்கத்து ஊரான காணையிலிருந்து வந்த என் மாமா, “ரெண்டும் சேந்து இன்னாத்த கிழிக்கப் போவுதுங்க?” என்று கேட்டார். கிழித்தோம், முக்கியமாக ஒருத்தி வேலையை இன்னொருத்தி.

அவள் வைத்திருந்த மென்பொருளில் படத்தை இழுத்து வைத்தால் பக்கம் தயார். பின்னால் நிரலை அதுவே எழுதிக்கொள்ளும். எழுதினால் பரவாயில்லை, நான் எழுதி வைத்ததையும் சேர்த்துத் திருத்தும். நான் வெறும் நோட்பேடில் கையால் நிரல் எழுதுகிறவள். அவள் பக்கத்தை நான் தொட்டால் படங்கள் ஆளுக்கொரு திசையில் போய் உட்காரும்.

“உன் சாஃப்ட்வேர் என் கோடிங்கை கொத்துக்கறி போட்டு வச்சிக்கிது.”

“நீ கைய வச்சா எம் பக்கம் ரேஷன் கார்டாட்டம் ஆவுதுடி.”

வேர்க்கடலையை எங்கள் ஊரில் மல்லாட்டை என்போம்; ஒரு மல்லாட்டை வியாபாரிக்குப் பக்கம் செய்தபோது முற்றிப் போயிற்று. பின்னணிக்கு மல்லாட்டைத் தோல் நிறம்தான் வேண்டும் என்று அவள் நாள் கணக்கில் உட்கார்ந்து கொண்டுவந்திருந்தாள். அது தெரியாமல் என்னிடம் இருந்த பழைய பிரதியில் ஒரு சின்னத் திருத்தம் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டேன். அவள் செய்தது அத்தனையும் போயிற்று. வியாபாரிக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று நான் சொன்னதுதான் அவளுக்குப் பெரிய கோபம். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

பிறகு அவளே கூப்பிட்டாள். இருவரும் ஒரே மென்பொருளுக்கு மாறுவது, இல்லையென்றால் கடையை மூடுவது என்று முடிவு. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கடைக்காரர் சோதித்துப் பார்க்கக் குறுந்தட்டுகள் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சில் பூசை முடித்து வந்ததும் அவள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்று எனக்குப் பிடித்தால் அவளுக்குப் பிடிக்காது. மாப்பிள்ளை பார்த்தால்கூட இவ்வளவு தட்டிக் கழிக்க மாட்டீர்கள் என்று அவள் அம்மா சிரித்துக்கொண்டே சோறு போட்டார்.

கடைசியாகப் போட்டதில் திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் அவளுக்குப் படம், மறுபாதியில் எனக்கு நிரல். அதைவிட, அதில் ஒரு வசதி இருந்தது. ஒரு பக்கத்தில் வேலை செய்யப் போகிறவள் அதை ‘எடுக்க’ வேண்டும், முடித்ததும் ‘வைக்க’ வேண்டும். எடுத்தவளுக்கு அதன் பக்கத்தில் பச்சை டிக், அடுத்தவளுக்கு அதுவே சிவப்பு. கூடவே எடுத்தவள் பெயரும் தெரியும். சிவப்பாக இருக்கும்வரை தொடக்கூடாது. பெயர் கேட்ட இடத்தில் அவள் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை அடித்தாள். அதையே வாங்கினோம்.

சண்டை குறையும் என்றுதான் வாங்கியது, குறைந்தது. ஆனால் அந்தச் சிவப்பு டிக் எனக்கு வேறு ஒன்றாகவும் ஆகிவிட்டது. காலையில் கணினியைத் திறந்ததும் எங்காவது சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அவள் எழுந்துவிட்டாள், காப்பி குடித்துவிட்டாள், உட்கார்ந்துவிட்டாள். ஒன்றை வைத்து அடுத்ததை எடுத்தால் வேலை ஓடுகிறது. ஒரே பக்கத்தில் வெகுநேரம் சிவப்பு நின்றால் ஏதோ நிறம் படுத்துகிறது. போன் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது. முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் என்பது அந்த டிக்கில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் ஒன்றின் சேர்க்கைப் பக்கத்தை எடுத்தாள். சாயங்காலம் போன் வந்தது.

“உடம்பு கணகணன்னு இருக்குதுடி. திங்கக்கெழம முடிச்சி வச்சிடறேன். அதுவரிக்கும் தொடாத.”

“யார் தொட்டா? நீ போய்ப் படு.”

அவள் திங்கட்கிழமை எழவில்லை. காய்ச்சல் இறங்காமல் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் நான் அவளுக்கு மண் போட்டேன். அவளுக்கு இருபத்தெட்டு வயது. எனக்கு இன்றுவரை அந்தக் கோபம் தீரவில்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தபோது சேர்க்கைப் பக்கத்துக்குப் பக்கத்தில் சிவப்பு டிக் அப்படியே இருந்தது. கூடவே அவள் பெயரும் இருந்தது. அடுத்த நாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். “தப்பா எடுத்துக்காதம்மா. அப்ளிகேஷன் குடுக்கற நேரம் வந்துக்கினு இருக்குது, அதான்” என்று அவர்கள் தயங்கித்தான் கேட்டார்கள். நான் அந்தப் பக்கத்தை அழுத்தினேன். இதை இன்னார் எடுத்திருக்கிறார், மீறி எடுக்கவா என்று கேட்டது. மீறினால் என்னிடம் உள்ள பழைய பிரதியில்தான் வேலை தொடங்கும், அவள் கடைசியாகச் செய்தது திண்டிவனத்தில் அவள் கணினியிலேயே கிடந்து போகும். ஒருமுறை அப்படி அவள் வேலையை அழித்தவள் நான். வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கணினியின் மேல் அவளுடைய துப்பட்டா ஒன்று போர்த்தியிருந்தது. அவரே அதை எடுத்து மடித்தார்.

திறந்ததும் ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சேர்க்கைப் பக்கம் பச்சையாக இருந்தது. அவள் இடத்திலிருந்து பார்த்தால் அது பச்சைதானே. சிவப்பாக இருந்தவை நான் எடுத்திருந்த பக்கங்கள். என் பெயர் வரிசையாகச் சிவப்பில் நின்றது. இதைத்தான் தினமும் காலையில் அவளும் பார்த்திருக்கிறாள். அப்போதுதான் அழுதேன், அதுவரை அழவில்லை.

பக்கத்தைத் திறந்தேன். மேல் பாதி முடிந்திருந்தது, கீழே வெறுமை. அவள் எடுத்த நிறத்தையும் இடைவெளியையும் பார்த்துப் பார்த்து மீதியை முடித்தேன். அவ்வளவு நன்றாக வரவில்லை. அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். டிக்கின் மேல் விரல் வைத்தார்.

“இது எம் பொண்ணு பேர்தான?”

“ஆமாம்மா. இந்த வேலை அவ கையில இருக்குதுன்னு அர்த்தம்.”

“இப்ப இன்னா பண்ணணும்?”

“வச்சிடணும். வச்சா பேர் போயிடும்மா.”

அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரோ பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

“வச்சிடும்மா. புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்” என்றார். பிறகு, “எங்க அமுக்கணும்னு காட்டு” என்று என் கைமேல் கை வைத்தார். இருவரும் சேர்ந்து அழுத்தினோம். பச்சை போயிற்று, பெயரும் போயிற்று.

மறுநாள் காலை வழக்கம்போல விழுப்புரத்தில் கணினியைத் திறந்தேன். பட்டியலில் எங்கும் சிவப்பு இல்லை. எந்தப் பக்கத்தையும் யாரையும் கேட்காமல் எடுக்கலாம். பள்ளிக்கூடத்துக்காரர்கள் ஒரு தேதியை மாற்றச் சொல்லியிருந்தார்கள். சேர்க்கைப் பக்கத்தை எடுத்தேன். பக்கத்தில் என் பெயர் பச்சையாக வந்து நின்றது. அதைச் சிவப்பாகப் பார்க்க அந்தப் பக்கம் யாரும் இல்லை.